இருபது நாள் உழைப்பு: போன் வாங்கும் முன் நாம் போட வேண்டிய கணக்கு



2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,550 ரூபாய். வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தரும் ஊக்குவிப்பு 200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,750 ரூபாய். கடையில் 35,000 ரூபாய் விலை போட்டு வைத்திருக்கும் ஒரு டச் போனை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இருபது முழுப்பேர்! சேமலாப நிதிக்குப் பிடிப்பதையும் கடைக் கணக்கையும் கழித்தால் இருபது நாள் போதாது. அரைப்பேர் விழுந்த நாட்கள் இருந்தால் ஒரு மாத உழைப்பே அதற்குள் போய்விடும்.

போன் வாங்க வேண்டாம் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. வாங்கத்தான் வேண்டும். கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருள் என்று சொன்ன காலம் போய்விட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. மூன்று பிள்ளைகள் படிக்கும் லயத்து வீட்டில் ஒரு போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் போன் வீட்டுக்கு வரும்போது சிக்னல் இருக்காது. சிக்னல் இருக்கும்போது ரீலோட் இருக்காது. ஊவாவில் பாறை மீதும் மரத்தின் மீதும் ஏறி சிக்னல் தேடிய பிள்ளைகளின் படங்கள் 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை போயின. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று சாதாரணதரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இழந்த பாடம் திரும்பி வரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண்சரிவு; இங்கே மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம்; மாவிலாறு அணைக்கட்டும் உடைந்தது. எமது திருகோணமலை மாவட்டத்தில் வாழும் மலையக வழிக் குடும்பங்களின் நிலை எல்லோருக்கும் தெரியும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையை விட்டு வந்து இங்கே குடியேறியவர்கள் இருக்கிறார்கள். பின்னர் துறைமுகப் பக்கத்து ஆலைகளுக்கும் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கும் வேலைக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உறவில் பாதி இங்கே, மீதி ஹட்டன், பதுளைப் பக்கம். அந்த நாட்களில் இரு பக்கமும் ஒருவரையொருவர் தேடித் தவித்தார்கள். சில இடங்களில் கோபுரம் வேலை செய்யவில்லை. கோபுரம் வேலை செய்த இடத்தில் போனில் சார்ஜ் இல்லை. இருபது நாள் உழைப்பைக் கொடுத்து வாங்கிய பொருள், மிக அவசரமான நேரத்தில் கைகொடுக்காமல் போனது.

ஆகவே எதை வாங்குவது, எப்படி வாங்குவது, வாங்கியதை எப்படித் தயார்செய்து வைப்பது என்பது நமது சங்கம் பேச வேண்டிய விடயம். கொழுந்து நிறுவையைப் பற்றிப் பேசுவதுபோல இதையும் பேசுவோம்.

தவணைக்கு முன் ஒரு கணக்கு

முதலில் கடன். நம் மக்களுக்குக் கடன் புதிதல்ல. ஒரு காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று எழுதிய ‘துண்டு’ கையில் இருக்க வேண்டும். அந்தக் கடனை எந்தத் தோட்டம் ஏற்கிறதோ அந்தத் தோட்டத்துக்குத்தான் தொழிலாளி போகலாம். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, வேறு பெயரில் வேறு துண்டுகள் லயத்து வாசலுக்கு வருகின்றன. தவணைக்குப் போன், தவணைக்கு டிவி, தவணைக்கு ஸ்பீக்கர். கையெழுத்தைப் போட்டால் போதும், பொருள் இன்றே வீட்டில்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ரொக்க விலை 35,000 ரூபாய். அதே போன் மாதம் 4,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத் தவணை. மாதம் 4,500 என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. பன்னிரண்டால் பெருக்குங்கள்: 54,000 ரூபாய். மேலதிகமாகக் கொடுப்பது 19,000 ரூபாய். இது பதினொரு நாள் பேர். பதினொரு நாள் நாம் அந்தக் கடைக்காகக் கொழுந்து பறிக்கிறோம் என்று அர்த்தம். ஒரு தவணை தவறினால் அதற்கு வேறு தண்டப்பணம். தவணைக்கு வாங்குவதுதான் ஒரே வழி என்றால், மாதத் தொகையைக் கேட்காதீர்கள். மொத்தத் தொகையைக் கேளுங்கள். அதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நமக்குத் தெரிந்த வேறு வழி ஒன்று இருக்கிறது. சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் 3,500 ரூபாய் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் 35,000 ரூபாய். பத்து மாதத்தில் பத்து வீட்டுக்கும் போன் வந்துவிடும், ஒரு சதம் வட்டி இல்லை. நம் பெண்கள் சீட்டுப் பிடித்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். அவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் தொகையும் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டால் சண்டை வராது. பிள்ளையின் பரீட்சை நெருங்கும் வீட்டுக்கு முதல் சீட்டைக் கொடுங்கள். பத்து வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வாங்குவதாகக் கடையில் பேசினால் விலையும் குறையும். தனியாகப் போகிறவருக்குக் குறைக்காத விலையைப் பத்துப் பேருக்குக் குறைப்பார்கள்.

எப்படிப்பட்ட போன்?

யாருக்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்குப் பேசவும் கேட்கவும் போதும் என்றால், எழுத்துப் பெரிதாக உள்ள பட்டன் போன் போதும். டோர்ச்சும் எப்எம் ரேடியோவும் உள்ளதாகப் பாருங்கள். ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாள் தாங்கும். கீழே விழுந்தாலும் தாங்கும். 4ஜி வேலை செய்யும் பட்டன் போன்களும் வருகின்றன. விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் அதையே எடுங்கள்.

படிக்கும் பிள்ளைக்கும் வீட்டுப் பொதுப் பாவனைக்கும் என்றால் டச் போன் வேண்டும். விளம்பரத்தில் நான்கு கெமரா, நூறு மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பிள்ளை பாடம் படிக்க நான்கு கெமரா தேவையில்லை. நீங்கள் பார்க்க வேண்டியவை சில மட்டுமே. ரேம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது. உள்ளே சேமிக்கும் இடம் 64 ஜிபி இருக்க வேண்டும். 128 என்றால் நல்லது. பேட்டரி 5,000 எம்ஏஎச் அளவில் இருக்கட்டும். பெட்டியில் “8 ஜிபி ரேம்” என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சின்ன எழுத்தில் “4+4” என்று போட்டிருந்தால், உண்மையான ரேம் 4 ஜிபிதான். மீதி நான்கு, சேமிக்கும் இடத்திலிருந்து கடனாக எடுப்பது. இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

அன்ட்ரொய்ட் எந்தப் பதிப்பு, இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேளுங்கள். வட்ஸ்அப் பழைய பதிப்புகளைக் காலத்துக்குக் காலம் கைவிடுகிறது. மலிவாகக் கிடைக்கும் பழைய மாடலில் இரண்டு வருடத்தில் வட்ஸ்அப் நின்றுபோனால் அது மலிவல்ல.

போனைப் பார்க்கும் முன் சிக்னலைப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலில் எந்தக் கம்பனி சிம் எடுக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். நகரத்தில் நன்றாக எடுக்கும் சிம் குச்சவெளிப் பக்கத்துக் கிராமத்திலோ, மலையில் மடுவத்துக்குக் கீழே உள்ள லயத்திலோ எடுக்காமல் போகலாம். இரண்டு சிம் போடும் வசதி உள்ள போன் நம் குடும்பங்களுக்குப் பொருத்தம். இங்கே எடுப்பது ஒன்று, ஊருக்குப் போகும்போது எடுப்பது ஒன்று.

கடையிலேயே செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரித்துக் கடையிலேயே போனைப் போட்டுப் பாருங்கள். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். அதுதான் போனின் ஐஎம்இஐ எண், அதாவது போனுக்கு உரிய அடையாள அட்டை இலக்கம். பெட்டியில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு எஸ்எம்எஸ் பகுதிக்குப் போய், ஆங்கிலத்தில் ஐ, எம், இ, ஐ என்ற நான்கு எழுத்தையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் தட்டி 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பதிவில்லாத போன்களுக்கு 2025 ஜனவரி 28க்குப் பின் வலையமைப்பு இணைப்புத் தரப்படாது என்று ஆணைக்குழு அறிவித்திருந்தது. மலிவு விலைக்கு யாரோ பையில் கொண்டுவந்து காட்டும் போன்களில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பணம் கொடுத்த பின் அனுப்புவதல்ல இந்த எஸ்எம்எஸ். பணம் கொடுக்கும் முன் அனுப்புவது.

பாவித்த போன் வாங்குவது தவறில்லை. ஆனால் நான்கு விடயம் பாருங்கள். முதுகு மூடி வீங்கித் தூக்கிக்கொண்டு இருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது. அதைத் தொடவே வேண்டாம். சார்ஜர் வயரைக் குத்தி அசைத்துப் பாருங்கள், விட்டு விட்டு ஏறினால் அந்த வாய் தேய்ந்துவிட்டது. கடற்கரை உப்புக் காற்றில் இருந்த போன்களில் அந்த வாயில் பச்சை பூத்திருக்கும், அதையும் பாருங்கள். கடைசியாக, விற்பவர் முன்னிலையிலேயே போனை முழுமையாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்டால், அவர் அதை நீக்கித் தரும்வரை காசு கொடுக்காதீர்கள். அது திருட்டுப் போனாகவும் இருக்கலாம்.

பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள். அதில் திகதி, போனின் பெயர், ஐஎம்இஐ எண், கொடுத்த தொகை, உத்தரவாதக் காலம் ஐந்தும் இருக்க வேண்டும். ஒரு வருட உத்தரவாதம் என்று வாயால் சொல்லிவிட்டு, 350 நாள் என்று சீட்டில் எழுதுவதும் உண்டு. உத்தரவாதம் கடையுடையதா, கம்பனியுடையதா என்றும் கேளுங்கள். பழுதானால் திருகோணமலையிலேயே திருத்தித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? கொழும்புக்கு அனுப்பினால் ஒரு மாதம் போன் இல்லாமல் இருக்க வேண்டி வரும். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். ஆனால் சீட்டு இல்லாத முறைப்பாடு நிற்காது. சீட்டின் மை சில மாதத்தில் மங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், போட்டோப் பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள்.

யார் பெயரில்?

நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். போனைப் பாவிப்பவர் யாரோ, சிம்மும் கணக்கும் அவர் பெயரில் இருக்க வேண்டும். கடைக்காரரின் அடையாள அட்டையில் எடுத்த சிம், தம்பியின் நண்பன் பெயரில் உள்ள சிம், முன்னாள் முதலாளி எடுத்துக் கொடுத்த சிம் என்று நம்மிடையே எத்தனையோ. போன் தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்ப எடுக்க, பதிவான ஆள் அடையாள அட்டையோடு வர வேண்டும். அவர் எங்கே இருக்கிறாரோ? வங்கிக் கணக்கு, அஸ்வெசும விண்ணப்பம், பிள்ளையின் பாடசாலைக் குழு எல்லாம் அந்த இலக்கத்தில்தான் இருக்கும். இலக்கம் போனால் எல்லாம் போய்விடும். #132# என்று அழுத்தி, உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தெரியாத சிம் இருந்தால் அந்தக் கம்பனிக் கிளைக்குப் போய் நீக்கச் சொல்லுங்கள்; அந்த சிம்மில் யாராவது குற்றம் செய்தால் உங்கள் பெயர்தான் முன்னுக்கு வரும்.

கூகுள் கணக்கும் அப்படித்தான். கடையில் ‘நாங்களே போட்டுத் தருகிறோம்’ என்று ஒரு பொதுக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதன் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்காது. ஒரு நாள் போன் பூட்டிக்கொண்டால் பிள்ளையின் போட்டோவும் பாடக் குறிப்பும் அதற்குள்ளேயே போய்விடும். சொந்தப் பெயரில், சொந்த இலக்கத்தைக் கொடுத்து, பாடசாலைக்குப் போகும் பிள்ளையையோ ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கைத் திறவுங்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். போன் கவருக்குள் வைக்காதீர்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கொழுந்து பறித்துச் சம்பாதிப்பவர் நீங்கள். போன் மட்டும் வீட்டுக்காரர் பெயரிலோ மகன் கையிலோ இருப்பது ஏன்? உங்கள் சம்பளக் கணக்குக்கு வரும் எஸ்எம்எஸ் உங்கள் கைக்கு வர வேண்டும்.

மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போனால் ‘தமிழ் (இலங்கை)’ என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் கேள்விக்கெல்லாம் ‘ஓகே’ என்று அழுத்திக்கொண்டே போவதால்தான் தெரியாத செயலிகள் உள்ளே வந்து ரீலோட்டைத் தின்கின்றன. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் தட்டலாம்; மைக் குறியை அழுத்திப் பேசினால் அதுவே எழுதும். எழுதப் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கு இது பெரிய உதவி. பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு தாய், தன் வாயால் சொல்லி மகளுக்குத் தமிழில் கடிதம் அனுப்பலாம். சுற்றறிக்கை ஏதாவது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் போனில் பிழையில்லை. பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். யுனிகோடில் அனுப்பச் சொல்லுங்கள். சங்கக் கிளைகளும் பாடசாலைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள்; ரீலோட் பாதி மிஞ்சும். பாடப் புத்தகங்களைக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலும் தமிழில் இலவசமாக எடுக்கலாம். ஒரு முறை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் பிள்ளை படிக்கலாம். சிக்னல் உள்ள இடத்துக்குப் போகும் நாளில் இந்த வேலையைச் செய்து வையுங்கள்.

காசு விடயத்தில் கவனம் வேண்டும். ஈசி கேஷ், எம்கேஷ் போன்றவற்றால் ஊருக்குக் காசு அனுப்புவது வசதிதான். ஆனால் எஸ்எம்எஸில் வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கியும் கேட்காது, அரசாங்கமும் கேட்காது. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’, ‘அஸ்வெசும நின்றுவிடும்’ என்று வரும் அழைப்பை வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளை இறக்கவே வேண்டாம். உங்கள் போனில் உள்ள எல்லோருடைய இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் பிந்தினால் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அழைத்து மானத்தை வாங்குவார்கள். வட்ஸ்அப் கணக்கை யாராவது பறித்துவிட்டால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம். வட்ஸ்அப்பிலேயே ‘இரண்டு படி சரிபார்ப்பு’ என்று ஒன்று இருக்கிறது. அதை இன்றே போட்டு வையுங்கள்.

மின்சாரம், இடி, புயல்

லயத்து வயரிங் பழையது. வட்டக் குழிப் பிளக்கில் இரண்டு கால் சார்ஜரைக் குச்சி குத்தித் திணிக்கும் பழக்கத்தை விடுங்கள். சரியான அடாப்டர் ஒன்று உயிரைவிட விலை கூடியதல்ல. தலையணைக்குக் கீழே, மெத்தைக்கு மேலே வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறும்போது காதில் வைத்துப் பேசாதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடி மின்னல் அதிகம். மேகம் கறுத்ததும் சார்ஜரையும் டிவியையும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. வீட்டு மின்பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

டித்வா தந்த பாடம் இரண்டு. ஒன்று, பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று எண்ணாதீர்கள். இடையில் கொஞ்சம் வீணாகும். ஒரு முறை முழுமையாக ஏறி, அதற்கு மேல் கொஞ்சம் ஏறும். மழைக்கால எச்சரிக்கை வந்தவுடன் அதை நிரப்பி வையுங்கள். இரண்டு, பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ. கோபுரம் விழுந்தாலும் வானொலி கேட்கும். லயத்துக்கு ஒன்று இருந்தாலும் போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும், சொந்தக்காரர் மூன்று பேரின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் அணைந்தால் அதற்குள் இருக்கும் இலக்கம் எதுவும் நமக்கு நினைவில் இருப்பதில்லை.

போன் ஒரு சாட்சி

இனி, சங்கத்தின் பக்கத்திலிருந்து ஒன்று. உங்கள் கையில் உள்ள போன் ஒரு சாட்சி. சம்பளச் சீட்டை மாதந்தோறும் 10ஆம் திகதி கைக்கு வந்தவுடன் போட்டோ எடுத்து வையுங்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசில் விழும் எண்ணையும் எழுதப்படும் எண்ணையும் பார்த்து, அன்றன்றே குறித்து வையுங்கள். சேமலாப நிதிப் பிடிப்பு சீட்டில் எவ்வளவு என்று மாதம் மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘போன மாதமும் குறைந்தது’ என்று வாயால் சொல்லும் முறைப்பாட்டுக்கும், ஆறு மாதச் சீட்டை வரிசையாகக் காட்டும் முறைப்பாட்டுக்கும் தொழில் திணைக்களத்தில் உள்ள வித்தியாசத்தை நாம் அறிவோம். மகன் பாட்டுக் கேட்க வாங்கிய அதே போன், அம்மாவின் அரைப்பேர் கணக்கையும் காப்பாற்றும்.

நமது கோரிக்கைகள்

தொழிலாளி கவனமாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அரசுக்கும் கம்பனிகளுக்கும் கடமை இருக்கிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். 35,000 ரூபாய்ப் போன் ஒன்றின் விலையில் இந்த வரி முழுமையாகச் சேர்ந்திருந்தால் அது 5,300 ரூபாய்க்கு மேல். மூன்று நாள் பேர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள தோட்டக் குடும்பத்துக்கு இந்தச் சுமையிலிருந்து சலுகை வேண்டும் என்று கேட்கிறோம். பிள்ளைகள் பாறை ஏறிச் சிக்னல் தேடிய தோட்டங்களில் கோபுரம் வேண்டும். சம்பளச் சீட்டு தொழிலாளிக்குப் புரியும் தமிழில் வேண்டும். தவணைக்கு விற்கும் கடைகள் ரொக்க விலையையும் மொத்தத் தவணை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாட்ட வேண்டும்.

நமக்கு நாமே செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு கிளையும் மாதக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்கட்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருவரை உட்கார வையுங்கள். சிம் யார் பெயரில், மொழி தமிழா, இரண்டு படி சரிபார்ப்பு போட்டாயிற்றா என்று அவர்கள் ஒவ்வொரு போனாகப் பார்த்துக் கொடுக்கட்டும். மூத்தவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. அவர்கள் பறித்த கொழுந்தில்தான் இந்தப் பிள்ளைகள் படித்தார்கள். சீட்டுக் கொப்பியையும் அந்தக் கூட்டத்திலேயே திறக்கலாம்.

அடுத்த முறை தவணைக்காரர் லயத்து வாசலுக்கு வந்து தாளை நீட்டினால், ‘சங்கத்தில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குக் கோபப்படமாட்டார். தாளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பெருக்கிப் பார்ப்போம். இருபது நாள் உழைப்பு முப்பத்தொரு நாளாக மாறுவதைத் தடுக்க ஐந்து நிமிடக் கணக்குப் போதும்.